தமயந்தி வீட்டு மிச்ச நேரம்

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் தூக்கிய முன்னங்காலை அந்த யானை கார்த்திகை பிறந்தும் கீழே வைக்கவில்லை. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. யானை இரண்டாம் வகுப்புப் படிக்கும் மிருதுளாவுடையது, அவளே உண்டாக்கியது, அவள் சொல்லும் கதைக்குள் மட்டும் உலவுவது. கதையோ அவள் அம்மா தமயந்திக்காகச் சொல்லப்படுவது. தமயந்தியோ ஒரு கையால் தோசையைத் திருப்பிக்கொண்டு, மறு கையால் மகளுக்குப் பின்னலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வாயில் ரிப்பனைக் கவ்விக்கொண்டு, "ம்... ம்..." என்று கதை கேட்கிறவள். ரிப்பன் கவ்விய வாயால் ஒரு யானையை எவ்வளவு தூரம்தான் ஓட்டிப் போக முடியும்? ஊரெல்லாம் சுற்றிய யானை ஒரு வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே வரலாமா என்று கேட்டு, காலைத் தூக்கிய அந்த நிமிஷம் பார்த்துக் குக்கர் விசிலடித்தது. "இரு கண்ணு, இதை இறக்கிட்டு வந்தர்றேன்" என்று தமயந்தி போனாள். போனவள் போனவள்தான்.

குழந்தைகள் கதையை விட்ட இடத்திலிருந்து தொடுக்க மாட்டார்கள். அது பெரியவர்களின் சோம்பேறித்தனம். மிருதுளா ஒவ்வொரு நாளும் ஆதியிலிருந்துதான் ஆரம்பித்தாள், யானை ஒவ்வொரு நாளும் அதே வாசலுக்கு வந்து அதே காலைத் தூக்கியது, ஒவ்வொரு நாளும் குக்கரோ, பள்ளிக்கூட வேனின் ஹாரனோ, கேஸ் சிலிண்டர்க்காரரோ, மாமனாரின் காபியோ குறுக்கே வந்தது, தமயந்தியும் தவறாமல் "இரு கண்ணு" என்றாள். பிறகு ராத்திரி படுக்கையில் அது நினைவுக்கு வந்து மகள் பக்கம் திரும்பினால், மகள் தூங்கிப் போயிருப்பாள். ஐயோ, அந்தக் கால் இன்னும் அந்தரத்தில் நிற்கிறதே என்று தமயந்திக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அப்படியே அவளும் தூங்கிப் போவாள்.

இது நடந்தது கோயமுத்தூரில், கணபதி ஏரியாவைத் தாண்டி, லேத்துப் பட்டறைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட செண்பகம் காம்பவுண்டில். ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்த வீடுகள். எல்லா வீட்டிலும் ஆணும் பெண்ணும் வேலைக்குப் போகிறவர்கள், எல்லா வீட்டிலும் காலையில் ஒரே மாதிரிக் கூப்பாடு. தமயந்தி மோட்டார் பம்பு கம்பெனியில் பில் போடுகிறவள். புருஷன் மோகனசுந்தரம் வண்டி ஷோரூமில் சர்வீஸ் பார்க்கிறவன். மாமனார் ரங்கசாமி மில்லிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவர், வந்தவர் போனவர் எல்லோரிடமும் "பொழுதே போக மாட்டேங்குது போ" என்று முறையிடுகிறவர். வீட்டிலேயே அவர் ஒருவரிடம்தான் நேரம் இருந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தவரும் அவர்தான். கடவுள் பங்கு வைக்கும் லட்சணம் அப்படி.

அந்த வருஷப் பொருட்காட்சியில், டெல்லி அப்பளத்துக்கும் மரணக் கிணற்றுக்கும் நடுவே, காதில் மைக்கை மாட்டிக்கொண்டு ஓர் ஆள் கேரட்டைச் சீவிக்கொண்டிருந்தான். "அக்கா வாங்க, அண்ணி வாங்க, வேலைக்குப் போற அம்மா எல்லாம் வாங்க! கயித்தை இழுத்தா வெங்காயம் பொடிப்பொடி! கையில வாசமில்ல, கண்ணுல தண்ணியில்ல, அத்தனைக்கும் மேல நேரம் மிச்சம்க்கா, நேரம் மிச்சம்!" மூடிக்குள் சுருண்ட கயிறும் உள்ளே பிளேடும் வைத்த பச்சைக் கிண்ணம் ஒன்றைத் தமயந்தி வாங்கினாள். அந்த ஆள் சொன்னதில் வெங்காயம் பொடிப்பொடி என்பது பொய், பாதி பொடியாகவும் பாதி முழுசாகவும் கிடந்தது. கண்ணில் தண்ணி வராது என்பது சுத்தப் பொய். நேரம் மிச்சம் என்றது மட்டும் மெய்யாகிப் போனது, அதுவும் எந்த வியாபாரியின் வாக்கும் அதுவரை மெய்யாகாத விதத்தில். மறுநாள் காலை வெங்காயத்தை வழித்துத் தட்டில் கொட்டிய பிறகு பார்த்தால், கிண்ணத்தின் அடியில் நேரம் மிச்சமாகிக் கிடந்தது.

பார்ப்பதற்கு வடிகஞ்சி போல இருந்தது. வெதுவெதுப்பு, வாசனை ஒன்றும் பெரிதாக இல்லை. வெங்காயத் தண்ணியாக்கும் என்று தமயந்தி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். வைத்ததும் வாணலி எண்ணெயில் போட்ட கடுகு வெடிக்காமல் நின்றது, வேன்காரனின் ஹாரன் 'பா' என்று தொடங்கி 'ம்' வராமல் நின்றது, அவளுக்கு மட்டும் ஒரு பெருமூச்சு விடுகிற நேரம் கிடைத்தது. விட்டாள். கடுகு வெடித்தது. "அடியாத்தி" என்றாள், கறிவேப்பிலையைப் போட்டாள், ஏனென்றால் அதிசயம் நடந்தாலும் கறிவேப்பிலையை யார் போடுவது?

அடுத்த நாள் கிண்ணத்தில் சேர்ந்ததை ஒரு கரண்டி எடுத்து முழுசாகக் குடித்துவிட்டு மகளிடம் ஓடினாள். "சொல்லு சாமி, யானை என்னாச்சு?" மிருதுளா சொல்லவில்லை. சாக்ஸை இழுத்தபடி, வாயைத் திறந்தபடி, அப்படியே நின்றாள். குடித்தவருக்குத்தான் நேரம், குடிக்காதவர்கள் இருந்த இடத்தில் இருந்தபடி நிற்பார்கள் என்பது அப்போதுதான் தமயந்திக்குப் புரிந்தது. ஒரு காபி குடிக்கிற நேரம் அவள் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திறந்த வாயில், கீழ் வரிசையில், ஒரு பல்லைக் காணோம். விழுந்த இடத்தில் புதுப் பல்லின் முனைகூட எட்டிப் பார்த்தது. எப்போது விழுந்தது? யாரிடம் சொன்னாள்? தன்னிடம்தான் சொல்ல வந்திருப்பாள், தான் "இரு" என்றிருப்போம் என்று நினைத்ததும் தமயந்திக்கு அழுகை முட்டியது. அதற்குள் காபி நேரம் முடிந்து மிருதுளா சாக்ஸை இழுத்துவிட்டு வேனுக்கு ஓடிவிட்டாள்.

சரி, இரண்டு பேருக்கும் சேர்த்து மிச்சம் பிடித்துவிட்டால் தீர்ந்தது என்று தமயந்தி கணக்குப் போட்டாள். மறுநாள் சேர்ந்ததைத் தட்டுப் போட்டு மூடி, சாயங்காலத்துக்கென்று மேடை மூலையில் வைத்துவிட்டுப் போனாள். வந்து பார்த்தால் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. "பாத்திரத்துல ஏதோ மிச்சம் இருந்துச்சு அம்மணி, வீணாப் போயிரும்னு நானே குடிச்சுட்டேன்" என்றார் மாமனார். நேற்று வைத்த ரசத்தை மோந்துகூடப் பார்க்காதவர், மத்தியான சாதத்தை ராத்திரி போட்டால் தட்டை நகர்த்தி வைக்கிறவர், வாழ்நாளில் முதல் தடவையாக மிச்சத்தில் கை வைத்திருக்கிறார். "குடிச்சு என்ன மாமா பண்ணீங்க?" என்று கேட்டாள். "என்ன பண்றது, பேப்பரை மறுக்காப் படிச்சேன். பொழுதே போகலை" என்றார் ரங்கசாமி.

அதற்கடுத்த நாள் மோகனசுந்தரம் குடித்துவிட்டுச் செல்போனில் அந்த நேரத்தைக் கழித்தான். தமிழ்நாட்டுச் சமையலறையில் மிச்சம் என்றால் யாருக்கு என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடி பிடித்த சோறு, உடைந்த தோசை, ஆறிய காபி, எல்லோரும் எழுந்து போன பிறகு சட்டியில் இருப்பது, இவை எல்லாம் சட்டம் எழுதாமலே அம்மாக்களின் சொத்து. ஒருவரும் பங்கு கேட்டதில்லை. நேரம் மிச்சமானபோதுதான், "ஏன் புள்ள, மிச்சம் ஏதாச்சும் இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டு வீட்டு ஆண்பிள்ளைகள் அடுப்படிக்குள் வந்தார்கள். அடுப்படி எந்தப் பக்கம் என்று சிலர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள்.

விஷயம் காம்பவுண்டு முழுக்கப் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? பக்கத்து வீட்டுக் கஸ்தூரியக்காவுக்குச் சுவர் வழியாகவே எல்லாம் கேட்கும். யாரும் சாமி வந்து ஆடவில்லை, டிவிக்காரர்களுக்குச் சொல்லியனுப்பவில்லை, என்ன கம்பெனி, எந்தக் கடை என்று மட்டும் விசாரித்தார்கள். வெகு சுருக்கில் எல்லா வீட்டிலும் வெங்காயம் நறுக்குகிற சாப்பரும், தேங்காய் துருவுகிற மெஷினும், புது கிரைண்டரும், மாவு பிசைகிற மெஷினும், சப்பாத்தி அமுக்குகிற பிரஸ்ஸும், பூண்டை உள்ளே போட்டு உருட்டினால் தோல் கழன்று வரும் ரப்பர் குழாயும் வந்து இறங்கின. எல்லாவற்றின் அடியிலும் நேரம் மிச்சமானது. ஆனால் நேரத்துக்கு நேரம் குணம் வேறே என்பது பழகப் பழகத்தான் தெரிந்தது. சாப்பர் நேரம் துண்டு துண்டாக வரும், ஒரு யோசனை தொடங்குவதற்குள் வெட்டுப்படும். சப்பாத்தி பிரஸ் நேரம் தட்டையாக இருக்கும், அதில் உட்கார்ந்து கொட்டாவிதான் விடலாம். கிரைண்டர் நேரம் நைஸாக இருக்கும், ஆனால் சுற்றிச் சுற்றி ஒரே கவலைக்கு வந்து நிற்கும். பூண்டு நேரத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம், எத்தனை வாய் கொப்பளித்தாலும் போகாது.

கடனும் கைமாற்றும் தன்னால் ஏற்பட்டன. கஸ்தூரியக்கா டம்ளரோடு வந்து நிற்பாள். "ஏனம்மிணி, கொஞ்சூண்டு நேரம் இருந்தாக் குடு. ஒரம்பரைச் சனம் வந்து உக்காந்திருக்காங்க, வீடு கூட்டக்கூட இல்ல." கொடுத்தால் திரும்பி வரும், ஆனால் கொடுத்தது ஒன்றாகவும் வந்தது ஒன்றாகவும் இருக்கும். "நான் நல்ல கிரைண்டர் நேரம் குடுத்தேன், அவ பூண்டு நேரத்தைத் திருப்பிக் கொண்டாந்து நீட்டறா" என்று குழாயடியில் சண்டை வந்தது. விளக்கு வைத்த பிறகு உப்பையும் தயிரையும் போல நேரத்தையும் வாசப்படி தாண்டிக் கொடுக்கக் கூடாது என்று ஒரு சாத்திரம் முளைத்தது. அது என்னவோ ஆதிகாலத்திலிருந்தே இருந்துவருவது போல எல்லோரும் பேசினார்கள். மிஞ்சினதை ஃபிரிட்ஜில் வைத்தாலும் மறுநாள் ஊசிப் போயிற்று. ஊசிப்போன நேரத்தைக் குடித்தவர்கள் பஸ் வராத ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

வெளியுலகம் மட்டும் சும்மா இருக்குமா? வீட்டில் நேரம் மிச்சமாகிறதாமே என்று கேள்விப்பட்டதும் பள்ளிக்கூடத்தில், பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து செய்துவர வேண்டும் என்று, தெர்மாக்கோலில் கல்லணை கேட்டார்கள். குழந்தையை ஒட்ட விட்டால் கல்லணை அன்றைக்கே உடைப்பெடுக்கும், ஆகையால் பெற்றோரே ஒட்டினார்கள். அதோடு, நேரம்தான் இருக்கிறதே என்று குழந்தைகளை அபாகஸுக்கும், கையெழுத்து வகுப்புக்கும், சிலம்பத்துக்கும் அனுப்பினார்கள். தமயந்தியின் சூப்பர்வைசர் ஒருநாள் பெரிய மனது பண்ணிச் சொன்னார்: "வீட்ல மிச்சமாகறதை வீட்லயே வெச்சு என்னம்மா பண்றீங்க? ஒரு டப்பாவுல கொண்டாந்தீங்கன்னா மாசக் கடைசி பில்லெல்லாம் முடிச்சரலாமில்ல." அன்றிலிருந்து கம்பெனிக்குப் போகிற பெண்கள் தயிர் சாதத்துக்குப் பக்கத்தில் சின்ன டப்பாவில் நேரம் கொண்டுபோனார்கள். கொண்டுபோகாதவர்களைப் பார்த்து, "என்ன, உங்க வீட்ல மிக்ஸிகூட இல்லையா?" என்று கேட்டார்கள்.

தமயந்தி விடவில்லை. மாமனாருக்கு ஒன்று, புருஷனுக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, கஸ்தூரியக்காவுக்கு ஒன்று என்று போனால் போகட்டும், தனக்கும் மகளுக்கும் என்று ஒரு மெஷின் வேண்டாமா? வாங்கினாள். முட்டை வேகவைப்பது, எலுமிச்சை பிழிவது, இடியாப்பம் தானே பிழிந்து கொள்வது, கீரையைக் கழுவிச் சுற்றி உதறுவது என்று மேடை நிறைந்து, பரண் நிறைந்து, அரிசி மூட்டை கட்டிலுக்கடியில் போயிற்று. அப்புறம்தான் ஓர் உண்மை கண்ணில் பட்டது. வெங்காயம் நறுக்குவதை விட அந்த பிளேடின் இடுக்கில் மாட்டிய வெங்காயத் தோலை ஊக்கால் நோண்டி எடுப்பதற்கு அதிக நேரம் பிடித்தது. கழுவ வேண்டியது கூடக் கூட, கழுவுவதற்காகவே மிச்ச நேரத்தைக் குடிக்க வேண்டியதாயிற்று. எலி வளைக்கு எலியே வாடகை கொடுத்த கதைதான். கழுவித் துடைத்துக் கவிழ்த்து நிமிர்ந்தால் வேன் ஹாரன் 'பாம்' என்று முழுசாகவே கேட்கும்.

ஒருநாள் சாயங்காலம் அபாகஸ் வகுப்பிலிருந்து வந்த மிருதுளா பையைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றாள். தமயந்தி இடியாப்ப மெஷினின் ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா, யானைக்குக் கால் மரத்துப் போச்சாம்மா."

"அச்சச்சோ. இரு கண்ணு, இதை மட்டும்..."

"அழுவுதும்மா. நான் என்ன சொன்னாலும் கேக்கறதில்ல. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்குமாம். அப்பறம் போயிருமாம்."

"எங்க போயிரும்?"

"எங்கயோ. சொல்லாமப் போயிரும். அப்பறம் நானும் அதைக் கூப்பிட மாட்டேன்."

மகள் இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தமயந்தி சமாதானம் பண்ணியிருப்பாள், அழுதிருந்தால் தூக்கி வைத்திருப்பாள். மிருதுளாவோ பில்லில் ஒரு தொகையைத் திருத்துகிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கையெழுத்து நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு யானை போனால் போகட்டும் என்று சொல்ல எல்லோரும் இருக்கிறார்கள். ஆனால் யானையை அனுப்பி வைக்கிற குழந்தை அதற்குப் பிறகு அம்மாவிடம் எதைச் சொல்லும்? பரீட்சை மார்க்கைச் சொல்லும், ஃபீஸ் கட்டச் சொல்லும். வேறு ஒன்றையும் சொல்லாது. தமயந்திக்கு இது நன்றாகத் தெரியும், அவளே தன் அம்மாவிடம் அப்படித்தான் வளர்ந்தாள்.

ராத்திரி சாப்பாடு முடிந்து, மிஞ்சின சாதத்தை மண்சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். காலையில் வேலைக்குப் போகுமுன் நின்றபடியே அவள் கரைத்துக் குடிக்கிற பழையது அது. ஊற்றுகிற கை நின்றது. வீட்டிலேயே யாரும் திறந்து பார்க்காத பாத்திரம் இது ஒன்றுதான். மாமனாருக்குப் பழையது என்றால் சளி பிடிக்கும், புருஷனுக்கு அந்த வாசமே ஆகாது, கஸ்தூரியக்காவுக்கு அது கௌரவக் குறைச்சல். அப்புறம் இன்னொன்று: ராத்திரி வைத்தால் ஊசிப் போகிற சோறு, தண்ணீர் ஊற்றினால் ஊசிப் போவதில்லை. சோற்றுக்குத் தெரிந்த சூட்சுமம் நேரத்துக்குத் தெரியாமலா போகும்? அன்றைக்கு மெஷின்களின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததையெல்லாம் வழித்துச் சட்டியில் விட்டு, கூடவே தண்ணீரையும் ஊற்றி, தட்டைப் போட்டு மூடினாள்.

புதன், வியாழன், வெள்ளி, சனி. தண்ணீர் குறையக் குறைய ஊற்றினாள், அன்றன்றைக்கு மிச்சமானதைச் சேர்த்தாள். மாமனாருக்கும் புருஷனுக்கும் "இன்னிக்கு மிச்சமே இல்லீங்க" என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள். ரங்கசாமி மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து ஒருநாள் தட்டைத் திறந்தே விட்டார். புளித்த வாசம் மூக்கில் ஏறியது. "பழசா? எனக்கு வேண்டாம் அம்மணி, நீயே குடி" என்று பெருந்தன்மையோடு மூடிவிட்டுப் போனார். மிச்சத்தின் சொந்தக்காரி யார் என்கிற பழைய தீர்ப்பு மறுபடியும் அமலுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லோருக்கும் லீவு, அம்மாவைத் தவிர. அன்றைக்குக் கறி எடுப்பார்கள். குக்கரில் பருப்பை ஏற்றிவிட்டு, கறியைக் கழுவி மஞ்சள் தடவி வைத்துவிட்டு, தமயந்தி மகளைக் கூப்பிட்டாள். அடுப்படித் தரையில், மாவு மெஷினுக்கும் முட்டை மெஷினுக்கும் நடுவே, இரண்டு பேர் உட்காரத்தான் இடம் இருந்தது. சட்டியைத் திறந்தாள். உப்புப் போட்டாள், மோர் விட்டாள், உரித்த சின்ன வெங்காயத்தைத் தட்டில் வைத்தாள். இரண்டு டம்ளர் ஊற்றி, ஒன்றை மகள் கையில் கொடுத்தாள்.

"புளிக்குதும்மா."

"புளிக்கத்தான் கண்ணு செய்யும். குடி."

குடித்தார்கள். வயிறு குளிர்ந்தது. குக்கர் வெயிட் எழும்பப் போன நிலையில் நின்றது. கூடத்தில் மோகனசுந்தரம் செல்போனைத் தள்ளப் போன விரலோடு நின்றான், ரங்கசாமி பேப்பரைப் புரட்டிய கையோடு நின்றார், வாசலில் டம்ளரோடு வந்த கஸ்தூரியக்கா 'ஏன' என்று வாயைத் திறந்தபடி நின்றாள், கணபதியே நின்றது. மிருதுளா வாயைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு ஊர்ல ஒரு யானையாம்" என்று ஆரம்பித்தாள்.

ஐயோ, முதலிலிருந்தா என்று தமயந்திக்குத் திக்கென்றது. சட்டியில் இருப்பது அந்தக் கால் வரைக்கும் தாங்குமா? இரண்டு டம்ளரிலும் மறுபடி ஊற்றினாள். யானை பூ மார்க்கெட்டுக்குப் போனது, சம்பங்கியைத் தின்றுவிட்டுத் திட்டு வாங்கியது. டவுன் பஸ்ஸில் ஏறியது, தும்பிக்கைக்குத் தனி டிக்கெட் என்று கண்டக்டர் சொல்லவே இறங்கி நடந்தது. லேத்துப் பட்டறையில் தந்தத்தைக் கூர் போடக் கொடுத்தது, அவர்கள் நாளைக்கு வா, நாளைக்கு வா என்று இழுத்தடித்தார்கள். இந்தக் கதையில் இவ்வளவு இருக்கிறதா என்று தமயந்தி வாயைப் பிளந்து கேட்டாள், சிரித்தாள், "அட நாசமாப் போனவனே" என்று பட்டறைக்காரனைத் திட்டினாள். முதலில் ஒரு காதைக் குக்கரிடம் விட்டிருந்தவள், எப்போது அதையும் எடுத்துக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியாது.

"அப்பறம் யானைக்குப் பல்லு விழுந்துச்சு" என்றாள் மிருதுளா. "வலிக்கல. ஆனா ரத்தம் வந்துச்சு. அது அவங்கம்மாகிட்டச் சொல்லப் போச்சு. அவங்கம்மா எதையோ கழுவிட்டு இருந்தாங்க. அதனால அதுவே பல்லைப் பேப்பர்ல மடிச்சுக் கூரை மேல எறிஞ்சிருச்சு. கூரைக்கு எட்டல. ரெண்டு தடவை எறிஞ்சுச்சு."

தமயந்தி மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். சட்டியைச் சாய்த்து, கடைசிச் சொட்டு வரைக்கும் இரண்டு டம்ளரிலும் பங்கு வைத்தாள். குடித்தார்கள். யானை நடந்தது, நடந்தது, தெருத் தெருவாக நடந்தது, கடைசியில் அந்த வீட்டு வாசலுக்கு வந்தது. உள்ளே வரலாமா என்று கேட்டது. முன்னங்காலைத் தூக்கியது.

உஸ்ஸ் என்று குக்கர் விசிலடித்தது.

"தமயந்தி, கறிக்கு மசாலா அரைச்சாச்சா?" என்றான் மோகனசுந்தரம். "அம்மணி, காபி" என்றார் ரங்கசாமி. "ஏனம்மிணி" என்று விட்ட இடத்திலிருந்து முடித்தாள் கஸ்தூரியக்கா. தமயந்தியின் முழங்கால் அவளைக் கேட்காமலே எழும்பியது, வாயும் அவளைக் கேட்காமலே சொல்லியது: "இரு கண்ணு."

மிருதுளா அழவில்லை. "அந்த வீட்டு அம்மாவும் இதையேதாம்மா சொன்னாங்க" என்றாள்.

பாதி எழுந்தவள் நின்றாள். "எதை?"

"இருன்னு. யானை உள்ள வரலாமான்னு கேட்டுச்சில்ல, இருன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. யானைக்குப் புரியல. இருன்னா, அங்கயே வாசல்லயே நில்லுன்னா? இல்ல, எங்ககூடவே இருந்துக்கோன்னா? அதைக் கேக்கறதுக்குள்ள அவங்க போயிட்டாங்க. அதான் காலைத் தூக்கிட்டே நிக்குது. வெச்சா எங்க வெக்கும், அம்மா?"

மறு விசில் வந்தது. தமயந்தி சட்டிக்குள் பார்த்தாள். ஒன்றும் இல்லை, ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பருக்கையைத் தவிர. இனி மிச்சமென்று ஒரு சொட்டு நேரம் கிடையாது. இருப்பதெல்லாம் பருப்புக்கும், கறிக்கும், காபிக்கும், டம்ளருக்கும் என்று ஏற்கெனவே பேர் எழுதி வைத்த நேரம். இத்தனை நாளும் தான் சொன்ன ஒவ்வொரு 'இரு'வுக்கும் இந்தக் குழந்தை வாசலில் நின்றபடி அர்த்தம் தேடியிருக்கிறதே என்று நினைத்தாள். எழும்பிய முழங்காலை மடக்கினாள். சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"கூடவே இருன்னுதான் கண்ணு சொன்னா அந்தம்மா."

"நெசமாவா?"

"நெசமா. அவளுக்குச் சரியாச் சொல்லத் தெரியல."

மிருதுளா யோசித்தாள். "அப்ப நீ எந்திரிக்காத."

"எந்திரிக்கல."

குக்கர் கத்தியது, கத்திக்கொண்டே இருந்தது, அப்புறம் கத்துவதற்கும் தண்ணீரில்லாமல் மூச்சிரைத்தது, பருப்பு அடிபிடித்து, தீய்ந்து, புகைந்தது. "என்ன புள்ள, தீயற வாசம் வருது" என்று மோகனசுந்தரம் அடுப்படிக்கு வந்தான். தமயந்தி திரும்பாமலே "இருங்க" என்றாள். நிற்கச் சொல்கிறாளா, வந்து உட்காரச் சொல்கிறாளா என்று தெரியாமல், அந்த மனுஷன் ஒரு காலை வாசப்படிக்கு மேல் தூக்கியபடி நின்றான். மிருதுளா அப்பாவின் காலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், களுக்கென்று சிரித்தாள். "யானை காலை உள்ள வெச்சுருச்சும்மா" என்றாள்.

அந்த நிமிஷம் செண்பகம் காம்பவுண்டில் எல்லா வீட்டு எவர்சில்வர் தட்டுகளும் ஸ்டாண்டில் ஒருமுறை கலகலவென்று ஆடி அடங்கின. பட்டறைகளுக்கு லீவாயிற்றே, எந்த மெஷின் ஓடுகிறது என்று எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனார்கள், அவரவர் அடுப்பில் அவரவர் கறி இருந்தது. மோகனசுந்தரமும் காலைக் கீழே வைத்து, தட்டுத்தடுமாறி, அடுப்பின் திருகைக் கண்டுபிடித்து அணைத்தான்.

கஸ்தூரியக்கா மட்டும் டம்ளரோடு உள்ளேயே வந்துவிட்டாள். கரிந்த குக்கரைப் பார்த்தாள், அரைக்காத மசாலாவைப் பார்த்தாள், தரையில் மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த தமயந்தியை மேலும் கீழும் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை, கறி நாளில், ஒரு பொம்பளை இப்படி உட்கார வேண்டுமென்றால் எவ்வளவு நேரம் மிச்சமாகியிருக்க வேண்டும் என்று அவள் மனசு கணக்குப் போட்டது.

"ஏனம்மிணி, புது மெஷினா? எந்தக் கம்பெனி?" என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, டம்ளரை நீட்டினாள். "மிச்சம் கொஞ்சூண்டு இருந்தா எனக்கும் குடேன்."

தமயந்தி மகளின் பின்னலை அவிழ்த்துக்கொண்டே சிரித்தாள்.

"ஒண்ணும் மிச்சமில்லீங்க்கா" என்றாள்.